பொன்னிலை வேலியில் மறைந்திருந்த சோகை: தருமபுரித் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தருமபுரி நகரின் ஓரத்தில், பென்னாகரம் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்த ஒரு வீட்டின் மதிற்சுவரை ஒட்டி கோல்டன் துரந்தா வேலி ஒன்று வளர்க்கப்பட்டிருந்தது. நட்ட இரண்டாம் ஆண்டின் மாசி, பங்குனி மாதங்களில் அது பெருமளவு இலையுதிர்த்தது. கோடை மழைக்குப் பின் மீண்டும் துளிர்த்தபோது, அந்தத் துளிர் பொன்னிறத்தைத் தாண்டி வெளிறித் தந்த நிறத்துக்கு வந்திருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியையான வீட்டுக்காரருக்கு அது தொடக்கத்தில் கவலையாகவே படவில்லை. நிறம் முன்பைவிடத் துலக்கமாகிவிட்டது என்றே ஒரு பருவம் முழுவதும் குடும்பத்தார் மகிழ்ந்திருந்தனர். இலை விளிம்புகள் கருகி, நுனிக்கொம்புகள் ஒவ்வொன்றாகக் காயத் தொடங்கிய பிறகுதான் என்னிடம் ஆலோசனை கேட்கப்பட்டது.

இதே மாவட்டத்தில் நிலக்கடலைப் பயிரின் இளந்தளிர் வெளுத்தால் உழவர் அன்றைக்கே கவனித்துவிடுவார், எலுமிச்சைக்கும் அப்படித்தான். மஞ்சளாக இருப்பதற்காகவே வாங்கி நடப்பட்ட செடியில் நோயின் மஞ்சளை யாரும் தேடுவதில்லை. பொன்னிலைச் செடியில் நிறத்தை மட்டும் பார்த்து நலத்தைக் கணிக்க முடியாது என்பதையும், நரம்பு, இலையின் வயது, செடி நிற்கும் இடம், பாயும் நீர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும் என்பதையும் இந்த வேலி தெளிவாகக் காட்டியதால் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

செடியும் அதன் நிறமும்

துரந்தா எரெக்டா என்ற இந்தப் புதர் வெப்பமண்டல அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் தாயகமாகக் கொண்டது. வெர்பினேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய மருத்துவரும் தாவர அறிஞருமான காஸ்தோரே துரந்தேயின் பெயரைத் தாங்கியது. பச்சை இலை கொண்ட மூல வகை நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்துகளையும், கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஆரஞ்சு மஞ்சள் காய்களையும் தரும். நம் ஊர்களில் நாற்றங்கால்கள் விற்கும் பொன்னிலை வகை அடிக்கடி கத்தரிக்கப்படுவதால் பெரும்பாலும் பூப்பதில்லை. பூத்துக் காய்த்தால் அந்தக் காய்கள் நச்சுத்தன்மை உடையவை என்பதைச் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் மறக்கக் கூடாது. பறவைகள் அவற்றை உண்கின்றன என்பது மனிதருக்கும் நாய் பூனைகளுக்கும் பாதுகாப்பு ஆகாது.

இலை பொன்னிறமாகத் தெரிவதற்குக் காரணம், அதில் பச்சையம் குறைந்து, எல்லா இலைகளிலும் மறைந்திருக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் வெளிப்பட்டுத் தெரிவதே. வெயில் நன்கு படும் வெளிப்புற இலையில் இந்த நிறம் முழுமையாக விளங்கும். புதரின் உட்புறத்திலும் மர நிழலிலும் இலை பச்சைக்குத் திரும்பும். பச்சையம் குறைவாக இருப்பதால் உணவு உற்பத்தியும் குறைவு. பச்சை வகையைவிட இது மெதுவாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து வேலிக்கு ஏற்றதாக அமைவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் குறைந்த இருப்பிலும் ஒரு பங்கு பறிபோனால் செடிக்குத் தாங்குதிறன் இராது.

இலையுதிர்வு பற்றிய குழப்பம்

செடி வாங்கிய இடத்தில் ‘இது இலையுதிர்க்கும் இனம்’ என்று சொல்லியிருந்ததால், முதல் கோடையில் இலை கொட்டியதை வீட்டார் இயல்பாகவே எடுத்துக்கொண்டனர். இங்கே இரண்டு வேறு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. குளிர்நாடுகளின் தோட்டங்களில் மாக் ஆரஞ்சு, எல்டர், பார்பெர்ரி போன்ற புதர்களில் பொன்னிலை வகைகள் பல உண்டு. பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போது அவை இலையுதிர்த்து உறங்கி, வேண்டிய குளிர்க்காலத்தைக் கழித்த பிறகே மொட்டவிழ்க்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்தில் இருக்கும் தருமபுரியில் அந்தக் குளிருக்கு வழியில்லை; 900 மீட்டர் அளவில் இருக்கும் ஓசூரில்கூட அது போதிய அளவு கிடைப்பதில்லை. அத்தகைய செடிகளை இங்கே நட்டு ஏமாறுவதைவிட, வெப்பநாட்டுச் செடியான துரந்தாவைத் தேர்ந்தது சரியான முடிவு என்பதே என் கருத்து.

துரந்தா என்றும் பசுமையான புதர். தண்ணீர் கிடைத்தால் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். தொப்பூர் கணவாயிலும் பென்னாகரம் காடுகளிலும் வெப்பாலையும் ஒதியனும் கோடைக்கு முன் இலையை உதிர்த்து நிற்பது வறட்சியைத் தாங்கும் வழி. துரந்தாவும் வேர் நீரின்றித் தவிக்கும்போது அதே வழியை ஓரளவு பின்பற்றும். எனவே இந்தச் செடியில் இலை கொட்டுவதைப் பருவத்தின் மேல் போட்டுவிட்டு இருக்க முடியாது. அது வேரின் நிலையைக் கேட்டறியச் சொல்லும் அடையாளம். கொம்பின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது பெரும்பாலான கொம்புகளில் உள்ளே பச்சை இருந்தது, உயிர் போகவில்லை. ஆனால் தோண்டிப் பார்த்த வேர்மண் காய்ந்திருக்கவில்லை. தினமும் தண்ணீர் பாய்ந்த மண், பிடித்தால் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாகவே இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர், “தண்ணி பத்தலீங்க டீச்சரம்மா, அதான் வெளுத்துப் போச்சு” என்று சொல்லி ஒருவேளைப் பாசனத்தை இருவேளையாக்கியிருந்தார். அவருடைய அக்கறையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஈரமான மண்ணில் இருக்கும் செடி ஏன் வறட்சியில் தவிப்பதுபோல் நடந்துகொள்கிறது என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வியாயிற்று.

வேலி தானே காட்டிய சான்று

நோயைத் தேடும்போது ஒரு செடியைக் கையிலெடுத்துப் பார்ப்பதற்கு முன் வேலி முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பது நல்லது. இங்கே அந்த நடையே பாதி விடையைத் தந்தது. வாயிற்கதவை ஒட்டிய பகுதி மிக மோசமாக வெளிறியிருந்தது. மறுகோடியில் வேப்பமரத்தின் கீழ் நின்ற செடிகள் நல்ல பச்சையாக இருந்தன; அவையே ஆரோக்கியமானவை என்று வீட்டார் எண்ணியிருந்தனர், ஆனால் அது நிழலால் வந்த பச்சை. இரண்டுக்கும் நடுவே, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் வந்து இறங்கும் இடத்தில், முழு வெயிலில் நின்றும் ஒரு சிறு பகுதி மட்டும் அசலான, செறிவான பொன்னிறத்தில், அடர்த்தியான இலையோடு நின்றது. ஒரே நாற்றங்காலின் செடி, ஒரே நாளில் நட்டது, ஒரே வெயில், ஒரே எருதான். வேறுபட்டது அங்கே மாடியிலிருந்து வந்து பாய்ந்த மழைநீர் ஒன்றே.

இலையை நெருங்கிப் பார்த்தபோது வேறுபாடு இன்னும் துலங்கியது. குழாய்ப் பக்கத்து இளம் இலையில் நரம்பும் நரம்பிடையும் ஏறத்தாழ ஒரே பொன்னிறமாக இருந்தன. முதிர முதிர இலை எலுமிச்சைப் பச்சைக்கு மாறியது. வாயிற்பக்கத்து இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நரம்புகள் மெல்லிய பச்சை வலையாகவும் இடைப்பகுதி வெள்ளைக்கு அருகிலும் தெரிந்தன. இலை சிறியதாகவும் மெலிந்தும் இருந்தது; முதிர்ந்த பின்னும் நிறம் ஏறாமல் விளிம்பிலிருந்து கருகியது. அதே கொம்பின் அடியிலைகள் ஒப்பளவில் நன்றாக இருந்தன. அடியிலை முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறையையோ மக்னீசியக் குறையையோ ஐயப்பட்டிருக்கலாம். அவை செடிக்குள் இடம்பெயரக்கூடிய சத்துகள் என்பதால் குறை வரும்போது முதிய இலையிலிருந்து இளம் இலைக்குக் கொண்டு செல்லப்படும். இரும்பு அப்படி எளிதில் நகராது. குறை நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது நுனித்தளிர்தான். இலையின் அடிப்புறத்தில் வெள்ளை ஈயோ சிலந்திப்பேனோ குறிப்பிடும் அளவில் இல்லை.

சுற்றிலும் சிலர் இது ஃபுளோரைடு நீரால் வந்த கேடு என்றனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது நெடுநாளாக அறிந்த உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் அதற்காகவே வந்தது. குடிநீரில் ஃபுளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி., வேறு நீர் இல்லாதபோது 1.5 மி.கி. வரை என்று இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. ஆனால் செடிகளில் ஃபுளோரைடு நீரோட்டத்தோடு சென்று இலையின் நுனியிலும் விளிம்பிலும் சேர்ந்து, நாள்பட்ட இலையில் கருகலாகவே முதலில் தெரியும். தளிரில் நரம்பிடை வெளுப்பாகத் தெரியாது. மேலும் சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் அது சுண்ணாம்போடு பிணைந்து வேருக்குக் குறைவாகவே எட்டும். மனிதருக்கு அது பெருங்கேடு என்பதால் இந்தச் செடியின் கேட்டையும் அதன் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

ஐயத்தைத் தீர்க்க மூன்று எளிய சோதனைகள் செய்யப்பட்டன. வாயிற்பக்கத்து மண்ணின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டியபோது நுரைத்துப் பொங்கியது; மண்ணில் சுண்ணாம்பு இருப்பதன் அடையாளம் அது. குழாய்ப் பக்கத்து மண்ணில் பொங்கல் மிகக் குறைவு. தோண்டியபோது ஒரு முழ ஆழத்துக்குள்ளேயே சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, வந்தது; வாயிலருகே அதனோடு சிமெண்டுக் காரைத் துண்டுகளும் கிடந்தன, ஏனெனில் வீடு கட்டும்போது கலவை போட்ட இடம் அது. மூன்றாவதாக, அன்னபேதி என்ற இரும்பு உப்பின் நீர்த்த கரைசலைத் தூரிகையால் சில வெளிறிய இலைகளின் ஒரு பாதியில் மட்டும் தடவி, வேறு சில இலைகளில் தழைச்சத்துக்கான யூரியாக் கரைசலையும் மக்னீசியத்துக்கான எப்சம் உப்புக் கரைசலையும் தடவிக் கொம்புகளில் நூல் கட்டி வைத்தோம். ஒரு வாரம் கடந்து பார்த்தபோது அன்னபேதி தடவிய பாதியில் மட்டும் நிறம் ஏறியிருந்தது. மற்றவற்றில் மாற்றம் இல்லை. ஆக, இது இரும்பு எட்டாமல் தளிர் வெளுக்கும் சோகை. ஆய்வகம் இல்லாத இடத்திலும் எவரும் செய்யக்கூடிய இந்தத் தூரிகைச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். கேள்வியைச் செடியிடமே கேட்டு விடை பெறும் வழி அது.

இரும்பு இருந்தும் எட்டாமை

செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புப் பஞ்சம் என்பது முதலில் நம்பக் கடினமானது. இரும்பு அங்கே இல்லாமல் போகவில்லை, கரையாமல் கிடக்கிறது. மண்ணின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். ஒரு அலகு உயரும்போது, அதாவது காரம் கூடும்போது, இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். துரந்தா போன்ற இருவித்திலைச் செடிகள் வேரிலிருந்து அமிலத்தைச் சுரந்து, வேர்த்தோலில் உள்ள நொதியால் இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றி உறிஞ்சுகின்றன. மண்ணில் சுண்ணாம்பும், நீரில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் உப்பும் மிகுந்திருந்தால் வேர் சுரக்கும் அமிலம் வெளிவந்த கணமே அவற்றால் செயலிழந்துவிடும்.

தண்ணீரை மேலும் மேலும் பாய்ச்சியது ஏன் கேட்டை வளர்த்தது என்பதும் இங்கே விளங்குகிறது. காற்றோட்டமற்ற ஈரமண்ணில் வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு வெளியேறாமல் நீரில் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் பைகார்பனேட்டை உண்டாக்கும். அதற்கு மேல், பாய்ந்தது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். குழாய் வாயில் படிந்திருந்த வெள்ளைப் படிவே அதற்குச் சான்று. இந்தியத் தரநிர்ணயம் குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 600 மி.கி. வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. லிட்டருக்கு 400 மி.கி. சுண்ணாம்பு படியக்கூடிய நீரை வேலியின் ஒவ்வொரு மீட்டருக்கும் நாளொன்றுக்கு 10 லிட்டர் ஊற்றினால், நாளொன்றுக்கு 4 கிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பு அந்த வேரடியில் சேரும். பெரியவர் நல்லெண்ணத்தில் பாசனத்தை இரட்டிப்பாக்கியபோது இந்த அளவும் இரட்டிப்பாயிற்று. வளர்ச்சி குன்றியதைக் கண்டு இடையில் வைத்த டி.ஏ.பி. உரமும் உதவவில்லை, மிகுதியான மணிச்சத்து இரும்பைச் செடி பயன்படுத்துவதற்கு மேலும் தடையாகும்.

செய்தவையும் தவிர்த்தவையும்

கந்தகத்தை மண்ணில் கலந்து காரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை முதலில் எழுந்தது. மண்ணின் நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றும் என்பது உண்மை. சுண்ணாம்பு இல்லாத மண்ணில் அது நல்ல வழி. ஆனால் ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைக்க ஏறத்தாழ 320 கிராம் கந்தகம் வேண்டும். மண்ணில் 5 விழுக்காடு சுண்ணாம்பு இருப்பதாகக் கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. ஆழத்துக்குள் இருக்கும் 420 கிலோ மண்ணில் 21 கிலோ சுண்ணாம்பு இருக்கும். அதற்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் கந்தகம் தேவை. வீட்டுத் தோட்டத்தில் இது நடைமுறைக்கு ஒவ்வாது, மண்ணுக்கும் நல்லதன்று. முழு மண்ணையும் மாற்ற முயல்வதைவிட, வேர் உறிஞ்சும் சிறு இடத்தை மட்டும் சீராக்கி, நீரை மாற்றுவதே பொருத்தம் என்று முடிவு செய்தோம்.

முதற்பணியாக இருவேளைப் பாசனம் நிறுத்தப்பட்டு, விரலளவு ஆழத்துக்கு மண் காய்ந்த பிறகே நீர் பாய்ச்சும் முறை வந்தது. மாடியின் மழைநீர்க் குழாய் நீட்டப்பட்டு, வேலி நெடுகச் சிறு வாய்க்காலில் பரவும்படி திருப்பப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை பெறும் இந்த ஊரில் 100 சதுர மீட்டர் மாடி கோட்பாட்டளவில் 85,000 லிட்டர் நீரைத் தரும். அதில் ஒரு பகுதி வேலிக்கு வந்தாலும், அது வேரடியில் சேர்ந்த உப்பையும் பைகார்பனேட்டையும் கீழே கழுவித் தள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வீடுகளில் மாடி நீர் தெருச் சாக்கடைக்குப் போவதைப் பார்க்கும்போது, அந்த நீரின் அருமையை இன்னும் உரக்கச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடனடி மீட்சிக்கு இலைவழித் தெளிப்பு உதவியது. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் போதும். எலுமிச்சை உப்பை முதலில் கரைத்த பிறகே அன்னபேதியைச் சேர்க்கவேண்டும். உப்புத் தண்ணீரில் நேரடியாகப் போட்டால் இரும்பு பழுப்பாகத் திரிந்து கீழே படிந்துவிடும், பிறகு தெளித்துப் பயனில்லை. முடிந்தால் மழைநீரையே பயன்படுத்தலாம். கலக்கியதை அன்றே, வெயில் சாய்ந்த பின் தெளிக்கவேண்டும். சுவரிலும் தரை ஓட்டிலும் பட்டால் துருக்கறை எளிதில் போகாது என்பதால் சுவர்ப்பக்கம் சாக்குத் திரை கட்டிக்கொண்டோம். தெளிப்பு அப்போதிருக்கும் இலையைத் தேற்றுமே தவிர, பின்னர் வரும் தளிருக்கு உதவாது. இரண்டு வார இடைவெளியில் சில முறை செய்யவேண்டி வந்தது.

வேர்வழிக்கு, நன்கு மக்கிய தொழுவுரத்தோடு அன்னபேதியைக் கலந்து சில நாள் மூடிவைத்து, செடியின் இரு பக்கமும் இட்ட குழிகளில் வைத்தோம். எருவிலுள்ள மட்குப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக் கரைநிலையில் காப்பதால், வெறும் உப்பைத் தூவுவதைவிட இது மேலானது. வாயிற்பகுதிக்கு மட்டும் கொடுக்கிணைப்பு இரும்பு, அதாவது மண்ணில் படிந்துவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட இரும்பான சீலேட் வாங்கினோம். கடைகளில் எளிதில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5ஐத் தாண்டினால் நிலையிழக்கத் தொடங்கும்; சுண்ணாம்பு மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகையே தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் மலிவான வகையை இந்த மண்ணில் இட்டால் அந்தப் பணம் முழுவதும் வீணாகும். தழைச்சத்துக்கு டி.ஏ.பி.யும் யூரியாவும் நிறுத்தப்பட்டு, வேரடியைச் சற்று அமிலமாக்கும் அம்மோனியம் சல்பேட் சிறிதளவு இடப்பட்டது.

கத்தரிப்பின் காலமும் மாற்றப்பட்டது. முன்பு சித்திரையில் கழித்து, தளிர் முழுதும் அக்கினி வெயிலில் சிக்கியது. கத்தரித்தவுடன் எழும் திரளான துளிர் ஒரே நேரத்தில் மிகுந்த இரும்பைக் கேட்கும்; அப்போது கிடைக்காவிட்டால் சோகை முழு வலிமையோடு வெளிப்படும். எனவே முதல் நல்ல மழைக்குப் பிறகு, தொழுவுரக் குழி வைத்த மறுவாரத்தில், அதுவும் மூன்றில் ஒரு பங்கு அளவே கழிக்கப்பட்டது.

விளைவு

குழாயடிக்கு வெளியே இருந்த நடுப்பகுதியும் வேப்பமரத்துக்கு முந்தைய பகுதியும் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் தேறின; இளம் இலையில் பச்சை வலை மறைந்து, முதிர்ந்த இலை எலுமிச்சைப் பச்சைக்கு மாறத் தொடங்கியது. தொடர்ந்து வந்த மாசியில் இலையுதிர்வு மிகக் குறைவாகவே இருந்தது. வேப்ப நிழலில் நின்ற செடிகளைப் பொன்னிறமாக்க எதுவும் செய்யவில்லை. அங்கே பச்சையாக இருப்பதே அவற்றின் நலம் என்று வீட்டுக்காரரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் தேறிய பகுதியில், முழு வெயிலிலேயே பச்சையாகச் சில கொம்புகள் விரைந்து எழுந்தன. அது மீட்சி அன்று, மூல வகைக்குத் திரும்பும் கொம்பு. பச்சையம் மிகுந்த அது பொன்னிலைக் கொம்புகளை முந்தி மூடிவிடும் என்பதால், எழுந்த இடத்திலேயே அடியோடு நீக்கப்பட்டது.

வாயிலை ஒட்டிய பகுதி எதிர்பார்த்த அளவு தேறவில்லை. சீலேட் இடும்போது நிறம் ஏறுவதும், சில மாதங்களில் மீண்டும் வெளிறுவதுமாக இருந்தது. கலவை போட்ட இடத்தின் காரையை முழுவதும் அகற்றாமல் அங்கே துரந்தாவை நிலைநிறுத்த முடியாது என்று கூறினேன். ஆடி மழைக்கு முன் அந்தப் பகுதியை இரண்டடி ஆழம் தோண்டி, காரையையும் சுக்கான் கல்லையும் வெளியேற்றி, ஏரி வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, புதிய செடிகள் நட ஏற்பாடாகியுள்ளது. நிரப்பும் வண்டலை அமிலச் சொட்டால் சோதித்து, நுரை எழாத மண்ணை மட்டுமே ஏற்கவேண்டும் என்று பெரியவரிடம் சொல்லி, சொட்டுப் புட்டியை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.